கோச்சித் தேத்தண்ணியின் சாயம்

லிவர்மோரில் புகையிரத நிலையம் உண்டு. ஸ்ரொக்ரனிலிருந்து சான் ஹொசே வரை காலையில் போய் மாலையில் திரும்பும் 'ஏஸ்' வண்டி 1998 ஒக்ரோபரிலிருந்து இங்கே நின்று போகிறது. வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள், வேலை முடிந்தவர்கள் இறங்குகிறார்கள். ஆனால் அந்த மேடையில் கேத்தலைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக ஓடிவருகிறவர் எவருமில்லை. பக்கத்து டப்ளினில் ஏறி சான் பிரான்சிஸ்கோ போகும் 'பார்ட்' வண்டியிலோ உண்பதும் குடிப்பதும் விதிப்படி தடை. ஆகவே புகையிரதத் தேநீர் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இந்த ஊரில் எழ நியாயமில்லை.

ஆனாலும் அந்த வாக்குவாதம் எம்மிடையே ஓய்ந்தபாடில்லை. சிவா-விஷ்ணு கோவிலுக்கு வரும் நாட்களில், வாகனத் தரிப்பிடத்தில் யாராவது பிளாஸ்க்கைத் திறந்ததும் அது தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தார் அனுராதபுரச் சந்தியில் நடுச்சாமத்தில் வாங்கிக் குடித்ததற்கு ஈடில்லை என்பார். தமிழ்நாட்டார் விழுப்புரம் என்பார், இன்னொருவர் காட்பாடி என்பார். வடக்கே வேலை பார்த்தவர் மண்குவளையின் மணத்தைச் சொல்லுவார். அட்டன் பக்கத்தில் பிறந்து, இராமேஸ்வரம் வழியாகக் கோத்தகிரிக்குப் போய், அங்கே படித்து இங்கு வந்து சேர்ந்தவர்களும் எம்மில் ஒன்றிரண்டு பேர் உண்டு. இந்தப் பேச்சில் அவர்கள் அதிகம் கலந்துகொள்வதில்லை. அது ஏன் என்பதை இக்கட்டுரையின் முடிவில் பார்ப்போம்.

ருசி நாக்கின் சொந்த விவகாரம், அதில் வழக்காட முடியாது. தரம் அப்படியல்ல. தரத்துக்குக் காரணங்கள் உண்டு, காரணங்களுக்குச் சரித்திரம் உண்டு. நிலையத்துத் தேநீரின் தரத்தை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தண்ணீர், தூள், குவளை, குத்தகை. இந்த நான்கையும் தீர்மானிப்பவர் யாரென்று கேட்டுப் பார்த்தால், குடிக்கிறவர் அந்தப் பட்டியலில் அநேகமாக இல்லை என்பது தெரியவரும்.

தண்ணீர்

விசாரணையை லிவர்மோரிலேயே தொடங்கலாம். இந்த ஊர் தெருக்கோடு போட்டுப் பிறந்தது 1869இல். அதே ஆண்டில்தான் சக்கரமென்ரோவிலிருந்து குடாக்கரைக்கு வந்த இருப்புப்பாதை அல்ரமொன்ற் கணவாயைத் தாண்டி இப்பள்ளத்தாக்கில் இறங்கி, நைல்ஸ் மலையிடுக்கு வழியே மேற்கு நோக்கிப் போயிற்று. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பெரும்பாதையின் கடைசித் துண்டு இது. இந்தப் பாதையின் மேற்குப் பாதியைப் போட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சீனத் தொழிலாளர். பத்தாயிரத்துக்கும் அதிகமான சீனர்கள் சியரா நெவாடா மலைகளில் பாறை உடைத்தார்கள். நைல்ஸ் மலையிடுக்கிலும் அவர்களே பாதை வெட்டினார்கள்.

அந்த வேலைத்தளங்களில் ஒரு காட்சி பலராலும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. வெடிமருந்து வந்த வெற்றுப் பீப்பாய்களில் தேநீரை நிரப்பி, காவுதடியின் இரு முனையிலும் தொங்கவிட்டு, ஓர் ஆள் நாள் முழுவதும் வேலை நடக்குமிடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருப்பார். பாலில்லை, சீனியில்லை, சூடும் அதிகமில்லை. ஆனால் அது கொதித்து ஆறிய தண்ணீர். ஓடையிலும் குட்டையிலும் அள்ளிக் குடித்த வெள்ளைத் தொழிலாளர்கள் வயிற்றோட்டத்தால் படுக்கையில் விழ, சீனர்கள் வேலைக்கு நின்றார்கள். கிருமி என்றால் என்னவென்று வைத்தியர்களே சரியாக அறியாத காலம் அது. இருப்புப்பாதையில் கொடுக்கப்பட்ட தேநீர்களுள் தரம் மிக்கது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். வாசனைக்காகச் சொல்லவில்லை. குடித்தவனை அது நோயின்றி வைத்திருந்தது என்பதற்காகச் சொல்கிறோம்.

இந்தத் தேநீரைக் கொம்பனி கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெள்ளையர்களுக்குச் சாப்பாடு கொம்பனிச் செலவு, சீனர்களுக்குத் தம் கூலியிலிருந்து தம் செலவு. அரிசியும் தேயிலையும் அவர்களே பணம் போட்டுத் தருவித்தவை. 1867 யூன் மாதத்தில் சமகூலியும் குறைந்த வேலைநேரமும் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கொம்பனி துப்பாக்கியைத் தூக்கத் தேவைப்படவில்லை. மலையுச்சிக்குப் போகும் உணவு விநியோகத்தை நிறுத்தியது. ஒரு கிழமையில் வேலைநிறுத்தம் முடிந்தது. 1869 மே 10ஆம் திகதி பொன்னாணி அறைந்து பாதை திறந்தார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் இந்நாட்டுக்குள் வரக்கூடாதென்று சட்டம் போட்டார்கள். பாதை போட்டவனை வெளியே நிறுத்தும் சட்டம் எமக்குப் புதிதல்ல. அதற்குப் பின்னர் வருவோம்.

தூள்

இலங்கையில் புகையிரதம் தேயிலைக்காக வரவில்லை, கோப்பிக்காக வந்தது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை, 1867இல் கண்டி வரை. அதே 1867இல்தான் ஜேம்ஸ் ரெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. கோப்பி அழிந்தது, தேயிலை மலையேறியது. 1873இல் லண்டனுக்கு அனுப்பப்பட்ட இலங்கைத் தேயிலை 23 றாத்தல் மட்டுமே. அதன் பின்னே தண்டவாளமும் மலையேறியது: 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையம்வரை ஏறியிறங்கும் இப்பாதை, தேயிலைப் பெட்டியைத் துறைமுகத்தில் சேர்க்கும் பாதை. ஆட்கள் அதில் ஏறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கீழே போவது எது, மேலே தங்குவது எது என்பதில்தான் எமது கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தியபின் சல்லடையில் அரிப்பார்கள். முழு இலை ஒரு தட்டில், உடைந்த இலை இன்னொன்றில், அதற்குக் கீழே துணுக்கு, அதற்கும் கீழே தூள். எல்லாம் போனபின் மிஞ்சுவது நாரும் காம்பும் பஞ்சும் கூட்டித் தள்ளியதும். தூள் என்றாலே மட்டம் என்று எண்ணக்கூடாது. நல்ல தோட்டத்துத் தூள் விரைவாகச் சாயம் இறங்கும், கடுப்பாக இருக்கும், நல்ல விலைக்கும் போகும். மட்டமானது கடைசிக் கழிவு. அது சந்தைக்குள் கலந்துவிடும் என்ற பயம் காரணமாகவே இலங்கையில் 1957ஆம் ஆண்டுத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் 1959இல் இதற்கென்றே ஒரு கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. சட்டம் தேவைப்பட்டது என்பதே கலப்படம் நடந்தது என்பதற்குச் சாட்சி.

இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறுகிறது. உள்ளூருக்கு மிஞ்சுவதில்தான் கடைக்காரரும் நிலையத்துக் கேத்தல்காரரும் பங்கு வாங்க வேண்டும். குடித்து முடித்த சண்டியைக் காயவைத்துச் சாயமேற்றுவதும், முந்திரித் தோல், புளியங்கொட்டைத் தோல் முதலியவற்றை அரைத்துக் கலப்பதும் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபட்ட வித்தைகள். ஈரமான வடிதாளில் தூளைத் தூவினால் உடனே நிறம் கோடுகோடாக ஓடுமானால் அது சாயமேற்றிய சரக்கு. நல்ல தேயிலை குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு அவசரமாக நிறம் விடாது. இந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஓடும் வண்டியில் யார் செய்வது?

மலைநாட்டு நிலையங்களில் இன்னுமொரு சங்கதி உண்டு. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது பட்டிப்பொலவில் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த தேயிலைகளுள் ஒன்று விளையும் உச்சியில், அதன் சாயத்தை முழுதாக இறக்கும் சூடு தண்ணீருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே கூடுதல் நேரம் ஊறவிட வேண்டும். நிலையத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. ஆகவே கூடுதல் தூள் போட வேண்டும். அதற்குக் காசு வேண்டும். சீனி மலிவு என்பதால் சீனியைக் கூட்டுகிறார்கள்.

பழக்கம்

நிலையத்துத் தேநீர் மக்கள் தாமாகக் கேட்டு வந்ததல்ல, அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இந்தியத் தோட்டங்களில் தேயிலை மலைபோலக் குவிந்தது. இந்தியர் குடிக்கவில்லை. 1903இல் ஏற்றுமதியாகும் தேயிலைக்கு ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தில் தேநீர்ப் பிரசாரம் செய்யத் தொடங்கினார்கள். முதலாம் உலகயுத்த காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் திறக்கப்பட்டன. அப்புறம் புகையிரத நிலையங்கள் அகப்பட்டன. பஞ்சாபிலும் வங்காளத்திலும் பெரிய சந்திகளில், சிறு வியாபாரிகளின் கையில் கேத்தலும் குவளையும் தேயிலைப் பொட்டலமும் கொடுத்து மேடையில் இறக்கிவிட்டார்கள். எப்படித் தயாரிப்பதென்று பல பாஷைகளில் எழுதிய எனாமல் தகடுகள் நிலையச் சுவர்களில் ஏறின: புதுத்தண்ணீரைக் கொதிக்கவை, பாத்திரத்தைச் சூடாக்கு, அளவாகத் தூள் போடு, சில நிமிஷம் மூடிவை, பாலைப் பின்னால் சேர்.

வியாபாரிகள் பாடத்தைக் கேட்டார்கள், தங்கள் வழியில் செய்தார்கள். தண்ணீர், பால், சீனி, தூள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். இஞ்சியும் ஏலமும் இட்டார்கள். பிரசாரகர்களுக்கு இது பிடிக்கவில்லை. பாலும் வாசனையும் கூடினால் தேயிலை குறைவாகச் செலவாகும் என்பது அவர்களின் கவலை. ஆனால் மேடையின் தர்க்கம் வேறு. வண்டி சில நிமிஷமே நிற்கும். ஊறவைத்து வடிக்க நேரமில்லை. முன்கூட்டிக் கொதித்துத் தயாராக இருப்பதுதான் விலைபோகும். 1930களில் அசாமில் கொழுந்தை நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் யந்திரம் வந்ததும் இந்த முறை நிலைபெற்றது. அந்தக் குருணைத் தூள் பாலோடு கொதித்தாலும் தாங்கும், ஒரு பிடியில் அதிகக் குவளை நிறையும்.

ஆகவே விழுப்புரத்துத் தேநீரையும் அனுராதபுரத்துத் தேத்தண்ணியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது. ஒன்று பாலில் கொதித்தது, மற்றது வெறுஞ்சாயத்தில் சீனியோ ரின்பாலோ கலந்தது. பாலில் கொதித்ததில் தூளின் குற்றம் மறையும். வெறுஞ்சாயத்தில் மறையாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான வியாதி ஒன்றுண்டு. வண்டி பிந்தினால் கேத்தல் அடுப்பிலேயே கிடக்கும். ஒரு மணித்தியாலம் கொதித்த தேநீரில் மணம் போய்விடும், துவர்ப்பு மட்டும் நிற்கும். எமது நாட்டில் வண்டி பிந்தாத நாள் எது?

குவளை

தேநீர் எதில் வந்தது என்பதும் தரத்தைச் சேர்ந்ததுதான். பிரிட்டிஷ் இந்தியாவின் வடபகுதி நிலையங்களில் 'இந்துத் தேநீர்', 'முஸ்லிம் தேநீர்' என்று தனித்தனியாகக் கூவி விற்றார்கள். தண்ணீர்ப் பானையும் இரண்டு. தேயிலை ஒரே தோட்டத்தது, தண்ணீர் ஒரே குழாயினது. தெற்கிலோ நிலையத்து உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1941இல் அது எடுக்கப்பட்டது. ஒரே கட்டணச் சீட்டு வாங்கியவனுக்கு ஒரே மேசை என்பதற்கே அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தார் இதை வாசித்து இந்தியாவின் கதையென்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். எமது ஊர்த் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும் சிரட்டையிலும் தேத்தண்ணி கொடுத்த காலம் எம்மில் மூத்தவர்களின் கண்முன்னே இருந்த காலம். 1957இல் சட்டம் வந்தும் மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தோடும் அதன் பின்வந்த போராட்டங்களோடும்தான் கடைகளில் சம கிளாஸ் கிடைத்தது. அதற்காக அடியும் வெட்டும் வாங்கியவர்கள் உண்டு, உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு.

இந்தப் பின்னணியில் கோச்சித் தேத்தண்ணிக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. அனுராதபுரத்து மேடையில் கேத்தலோடு ஓடிவந்த சிங்களப் பையனுக்கு எமது சாதி தெரியாது. அவனுக்குத் தெரிந்தது காசும், வண்டி புறப்படும் நேரமும். ஒருவர் குடித்த கிளாஸை வாளித்தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அடுத்தவருக்கு நீட்டினான். சுகாதாரம் பார்த்தால் அது குற்றம். ஆனால் ஊர்க்கடையில் போத்தலில் வாங்கிக் குடித்தவர் அந்த அழுக்குக் கிளாஸைக் கையில் வாங்கியபோது அவருக்கு அது எப்படி இனித்திருக்கும் என்பதை மற்றவர்கள் யோசிக்க வேண்டும். கோச்சித் தேத்தண்ணி ருசியென்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே ருசியைச் சொல்லவில்லை.

வடஇந்தியாவின் மண்குவளை இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி. ஒருவர் குடித்ததும் உடைத்தெறிந்தால் எச்சிலும் இல்லை, தீட்டும் இல்லை. பிளாஸ்ரிக்கும் கடதாசியும் வந்து அதைத் தள்ளின. 2004இல் லாலு பிரசாத் யாதவ் ரயில்வே மந்திரியாக இருந்தபோது குயவருக்கு வேலை கிடைக்குமென்று அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை. 2020இல் இன்னொரு மந்திரி அதையே மறுபடி அறிவித்தார். மண்ணின் மணம் சாயத்தில் இறங்குவது உண்மைதான். ஆனால் குவளை மாறியதால் உள்ளே இருக்கும் தூள் மாறிவிடுவதில்லை.

குத்தகை

நிலையத்துத் தேநீர் உலகமெங்கும் ஏன் ஊர்க்கடைத் தேநீரைவிட மட்டமாக இருக்கிறது? இங்கிலாந்தில் சுவிண்டன் நிலையத்தின் சிற்றுண்டிச்சாலை இதற்குப் பழைய உதாரணம். 1842இல் திறந்த அந்தச் சாலையைக் கட்டியவர்களுக்கு, எல்லா வண்டியும் அங்கே பத்து நிமிஷம் நிற்கும் என்று புகையிரதக் கொம்பனி எழுதிக்கொடுத்திருந்தது. பத்து நிமிஷம், ஒரே கடை, திரும்பி வராத வாடிக்கைக்காரர். பண்டம் நன்றாக இருக்க வேண்டிய அவசியம் எங்கே? பாதையைக் கட்டிய பொறியியலாளர் புருனெலே அங்கு கிடைத்த கோப்பியை வறுத்த தானியத்துக்கு ஒப்பிட்டுக் கடிதம் எழுதினார். ஒப்பந்தத்திலிருந்து விடுபட 1895இல் கொம்பனி ஒரு இலட்சம் பவுண் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தின் பொருளாதாரம் இன்னும் சாகவில்லை. இந்திய ரயில்வே 1999இல் உணவுக்கென்று தனிக் கூட்டுத்தாபனம் அமைத்தது. 2017 யூலையில் இந்தியக் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 74 நிலையங்களையும் 80 வண்டிகளையும் பார்வையிட்டு எழுதிய அந்த அறிக்கை, சுத்திகரிக்காத குழாய்த் தண்ணீரை நேரே பிடித்துப் பானங்கள் தயாரிக்கிறார்கள் என்று சொன்னது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், செகந்தராபாத் நிலையத்தில் நின்ற வண்டியின் மலசலகூடத்திலிருந்து தேநீர்ப் பாத்திரங்களோடு ஆட்கள் வெளியே வரும் காணொளி பரவியது. விசாரணை நடந்து, ஒப்பந்தகாரருக்கு ஒரு இலட்சம் ரூபா தண்டம் விதித்தார்கள்.

பாத்திரம் தூக்கியவரைப் பார்த்து நாட்டவர் காறித் துப்பினார்கள். சரி. கணக்கையும் பார்ப்போம். 2018இல் ரயில்வே விதித்த விலையில் சாதாரணத் தேநீர் 150 மில்லிலீற்றர் ஐந்து ரூபா. இந்த ஐந்து ரூபாவுக்குள் பால், சீனி, தூள், குவளை, அடுப்பெரிப்பு, குத்தகைப் பணம், ஒப்பந்தகாரரின் இலாபம், தூக்கி விற்பவரின் பங்கு எல்லாம் அடங்க வேண்டும். பால் விலையைக் குறைக்க முடியாது. குத்தகையைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியவை இரண்டுதான்: தூளும் தண்ணீரும். விற்றதற்கேற்பக் காசு பெறும் ஆள் ஓடும் வண்டியில் எங்கே தண்ணீர் பிடிப்பார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கேத்தல்காரரின் ஒழுக்கத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஒப்பந்தத்தை வாசிக்காமல் விடுவது எமது பழைய பழக்கம்.

வேறுவிதமாகவும் செய்ய முடியும். யப்பானில் 1889இல் சிசுவொக்கா நிலையத்தில் சிறு மட்பாத்திரத்தில் தேநீர் விற்கத் தொடங்கினார்கள். சிசுவொக்கா தேயிலை விளையும் நாடு. தன் மண்ணில் விளைந்ததைத் தன் நிலையத்தில் போகிறவருக்குக் கொடுப்பதில் அந்த ஊருக்கு ஒரு பெருமை இருந்தது. அட்டனும் தலவாக்கலையும் நானுஓயாவும் தேயிலை விளையும் நாடுதான். அந்தப் பெருமையைக் கொள்ளும் உரிமை அங்கு யாருக்கு இருந்தது?

ஒப்பாரிக் கோச்சி

இப்போது அந்தப் பேச்சில் கலக்காதவர்களிடம் வருவோம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் தலைகள் எண்ணப்பட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எண்ணப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

தேயிலைப் பெட்டியை இறக்கிய அதே பாதையில் அவர்களும் இறங்கினார்கள். மலைநாட்டு நிலையங்களில் ஏறி, மதவாச்சியில் மேற்கே திரும்பி, தலைமன்னார்த் துறைக்கு. அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அவர்களின் பாட்டன்மார் இதே மண்டபத்திலிருந்துதான் ஏற்றப்பட்டார்கள். பிரிகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து ஓலமிட, அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் விழுந்தது. மலையக எழுத்து அப்பெயரைப் பதிந்து வைத்திருக்கிறது. போனவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடையை முதுகில் மாட்டினார்கள். 1984இல் கப்பலும் நின்றது.

லயத்துக் காம்பிராவில் அவர்கள் குடித்தது, தோட்டம் கொடுத்த தூளில் போட்ட வெறுஞ்சாயம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியோ வெல்லமோ வைத்து நக்கிக்கொண்டு ஒரு மிடறு குடிப்பார்கள். மேடையில் காசு கொடுத்துத் தேநீர் வாங்கிக் குடிப்பது பயணம் போகிறவர்களின் வழக்கம். அவர்கள் அந்த வண்டியில் பயணம் போகவில்லை, அனுப்பப்பட்டார்கள். அனுராதபுரத்தின் நடுச்சாமத் தேத்தண்ணியை நாம் புகழும்போது அவர்கள் பேசாதிருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வடக்கின் கதையும் அதே தண்டவாளத்தில்தான் போகிறது. 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை வண்டி ஓடியது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. 1990 யூனில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. சீனி அருமையான அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தாரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுஞ்சாயம் குடித்தார்கள். மலையகம் ஒரு நூற்றாண்டாகக் குடித்த விதத்தை நாம் சில ஆண்டுகள் குடித்துப் பார்த்தோம். 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறைவரை போயிற்று. விடுமுறையில் போய் வந்தவர்கள் தேத்தண்ணி முன்போல இல்லை என்கிறார்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஞாபகத்தைத் தவிர வேறு அளவுகோல் எம்மிடம் கிடையாது. ஞாபகமோ பாலைப் போல, தூளின் குற்றத்தை மறைத்துவிடும்.

எனவே நிலையத்துத் தேநீர் நல்லதா என்று கேட்பவருக்கு எமது பதில் இது. தண்ணீர் கொதித்ததா, தூளில் கலப்பில்லையா, குவளை எல்லோருக்கும் ஒன்றா, விற்கிறவருக்குக் கூலி கட்டுமா என்று பாருங்கள். நான்குக்கும் ஆம் என்றால் அது நல்ல தேநீர், மணம் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. இந்த நான்கில் ஒன்றையாவது மக்கள் வாதாடாமல், அடிவாங்காமல், வேலைநிறுத்தம் செய்யாமல் எந்த நாட்டிலும் பெற்றதாகச் சரித்திரத்தில் நாம் காணவில்லை. ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு. கொழுந்து கிள்ளியவர் அந்த மேடையில் நின்று, தன் காசில், தன் நாட்டில், அவசரமில்லாமல் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்க முடியுமா? இந்தக் கேள்வியைச் சேர்க்காமல் எந்தச் சந்தியின் தேத்தண்ணியையும் உலகத்தில் சிறந்ததென்று நாம் சொல்லாதிருப்போம்.